லக்காப் புறாவின் மாவு

லக்காப் புறா வாங்கப் போகிறவன் முதலில் வாலைப் பார்ப்பான். அது தெரியாதவன் செய்கிற வேலை. தெரிந்தவன் புறாவை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பான். விட்ட பிறகு தன் உள்ளங்கையைப் பார்ப்பான். கையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் புறா நல்ல உடம்போடு இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை என்றால் சீக்கு. புறாவின் இறகிலிருந்து பவுடர் மாதிரி ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதைத்தான் மாவு என்போம். என் புறாக்களைப் பிடித்தால் சட்டை வரைக்கும் ஒட்டும். வந்தவர்களிடமெல்லாம் கையை விரித்துக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

என் மனைவியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது அந்த மாவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மூடி வைத்துச் சொல்கிற திறமை எனக்குக் கிடையாது. மூடி வைத்தவரைக்கும் போதும்.

பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. நான் பம்ப் செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். அவள் மில்லில் இருந்தாள். நூற்கிற மிஷினில் அறுந்துபோகும் நூலைப் பிணைத்துவிடுகிற வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மொட்டை மாடியில் நாற்பது புறா.

லக்கா என்பது அழகுக்கு வளர்க்கிற ஜாதி. சாதாப் புறாவுக்கு வாலில் பன்னிரண்டு இறகு. லக்காவுக்கு முப்பதுக்கு மேல். விரித்த விசிறி மாதிரி வால் நேராக நிற்கும். நெஞ்சை முன்னால் தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து, நுனிக்காலில் நடக்கும். கழுத்து சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும். சரியாகப் பறக்கத் தெரியாது. காற்றடித்தால் வால் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதும். ஜோடி சேர்வதற்கே அந்த வால் இடைஞ்சல். பின்பக்கம் கொஞ்சம் இறகைக் கத்தரித்து விட்டால்தான் முட்டை கருக்கூடும். அடை உட்காரும்போது வாலாலேயே முட்டையைத் தள்ளிவிடும். இப்படி ஒன்றுக்கும் ஆகாத பறவையைத்தான் நான் பதினெட்டு வருஷம் தலையில் வைத்துக் கொண்டாடினேன்.

வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பு, சோளம், பட்டாணி கலந்து இரண்டு வேளை. மழைக்காலத்தில் கொஞ்சம் கொள்ளு. செங்கல் பொடியும் கிளிஞ்சல் பொடியும் கல் உப்பும் ஒரு சட்டியில் எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை ஓடு தோல் மாதிரி வரும். கூண்டுக்குக் காலை வெயில் வேண்டும், சாரல் ஆகாது. வாரத்தில் இரண்டு நாள் அகலமான பேசினில் தண்ணீர் வைத்தால் தானே இறங்கிக் குளிக்கும். குளித்து முடித்த பிறகு தண்ணீர் மேல் ஆறிய பாலில் ஏடு கட்டின மாதிரி வெள்ளையாக நிற்கும். அதுவும் மாவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, எச்சத்தைச் சேரவிடக் கூடாது. காய்ந்தால் தூளாகப் பறக்கும். தினமும் கொஞ்சம் கூட்டி, வாரம் ஒரு தடவை தகரச் சுரண்டியால் பலகை பலகையாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சுரண்டியை நான் தொட்டதே இல்லை. தினமும் கூட்டியதும் அவள்தான், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு என்பதால் அன்றைக்கு உட்கார்ந்து சுரண்டியதும் அவள்தான். எனக்கும் ஞாயிறு லீவுதான். நான் புறாச் சந்தைக்குப் போய்விடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. ஞாயிறு சாயங்காலம் உடம்பு குளிருகிறது என்று போர்த்திப் படுப்பாள். லேசாகக் காய்ச்சல் இருக்கும். திங்கட்கிழமை மில்லுக்குப் போய் இருமி இருமி வருவாள். வாரக் கடைசியில் கொஞ்சம் குறையும். மறுபடி திங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மில்லுக்காரர்கள். லீவு முடிந்து திங்கட்கிழமை பஞ்சுக்குள் போனால் நெஞ்சு அடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரைக் கேட்டாலும் பஞ்சு என்றுதான் சொன்னார்கள். நானும் பஞ்சு என்றேன். அதற்கு முந்தின நாள் அவள் என்ன வேலை செய்தாள் என்று யாரும் யோசிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

சத்தியமங்கலத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போய் வந்தாள். இருமல் காணாமல் போயிருந்தது. பார்த்தாயா, மில்லை விட்டு இருந்தால் சரியாகிவிடுகிறது என்றேன். பட்டறையில் நாலு பேரிடம் சொல்லி, அவர்களும் ஆமாம் போட, எனக்கு வெறி ஏறிவிட்டது. நேராக மில் கேட்டுக்குப் போய் அவளுடைய மேஸ்திரியை வெளியே கூப்பிட்டுக் கத்தினேன். பொம்பளைகளைப் பஞ்சுக்குள் அடைத்துக் கொல்லுகிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அதில் அவளும் ஒருத்தி.

அந்த மனிதர் குரலை உயர்த்தவில்லை. "மில் டாக்டர் பாத்தாருங்க. இது பஞ்சு இருமல் மாதிரி தெரியலைன்னு சொன்னாருங்க. கூட வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. ஊட்டுல ஏதாச்சும் இருக்குதான்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

"எங்கூட்டுல என்னய்யா இருக்குது? அடுப்பும் பாயும்தான் இருக்குது" என்றேன்.

அப்படிச் சொல்லும்போது என் சட்டையில் மாவு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். இருந்திருக்கும். இல்லாத நாளே கிடையாது.

அதோடு விட்டேனா? ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. அநியாயம் செய்தவன் மேல் முறையிட வருகிறவர்கள் அங்கே ஆட்டுக்கல்லில் மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசுவார்கள். அவன் உடம்பு எரியட்டும் என்று அர்த்தம். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நானே மிளகாயை அரைத்தேன். நெடி தாங்காமல் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றாள். பூசப் போகும்போது கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, பேரு சொல்ல வேண்டாமுங்க. யாரு காரணமோ அவங்களுக்குன்னு சொன்னாப் போதுங்க."

உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடு என்றேன். மேஸ்திரியின் பெயரை அப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லிக் கல் முழுக்கப் பூசினேன். மூன்று நாளைக்கு என் கைதான் எரிந்தது.

பிறகு அவளை வேலையை விட்டு நிற்கவைத்தேன். அவளுக்கு மனசே இல்லை. அவள் பெற்றோர், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாம் கரும்புக்காட்டிலும் மஞ்சள்காட்டிலும் கூலிக்குக் குனிந்தவர்கள். மாசம் பிறந்தால் சம்பளம், தலைக்கு மேல் கூரை, கழுத்தில் போட்டோ ஒட்டின அட்டை என்று அவள் குடும்பத்தில் முதலில் பார்த்தது அவள். அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டாள். நான் உன் நல்லதுக்குத்தானே சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் நம்பினேன். அதில் பொய் இல்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அவள் வீட்டில் இருந்தால் புறாவுக்கு வசதி என்று ஒரு ஓரத்தில் நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து சுரண்டுவது தினசரி வேலை ஆனது. இப்போது கூண்டு எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று சந்தையில் சொல்லிக்கொண்டேன்.

இருமல் நிற்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு குடம் தண்ணீரைச் சேர்ந்தாற்போலத் தூக்குகிறவள், ஒரு குடத்தை வழியில் இறக்கி வைத்து நின்றாள். இத்தனை வருஷப் பஞ்சு உடனே போகுமா என்றேன். உடம்பு இளைத்து ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகுதான் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அந்த நேரத்தில் மாடியில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. எட்டு வருஷமாகச் சேர்த்துச் சேர்த்து, ஒரு கறுப்பு இறகுகூட இல்லாத சுத்த வெள்ளை ஜோடியை உண்டாக்கியிருந்தேன். அதன் முதல் முட்டை இரண்டு. லக்காவை அடைக்கு நம்ப முடியாது என்பதால் சாதாப் புறா ஜோடியின் கீழே மாற்றி வைப்பது எங்கள் வழக்கம். சாதாப் புறாவின் சொந்த முட்டையை எடுத்துப் போட்டுவிட்டு லக்கா முட்டையை வைப்போம். நாள் கணக்கு ஒத்துப் போக வேண்டும். பதினெட்டாம் நாள் குஞ்சு வரும்போதுதான் ஆண், பெண் இரண்டின் தொண்டைப் பையிலும் பால் சுரக்கும். இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் குஞ்சு பட்டினி. இதற்கென்றே ஒரு சாம்பல் ஜோடி வைத்திருந்தேன். யார் முட்டை என்று பார்க்காமல் வளர்க்கும். அதன் கீழே அந்த இரண்டு முட்டையும் பன்னிரண்டாம் நாளில் இருந்தன. இன்னும் ஆறு நாள்.

டாக்டர் ஒரு அம்மா. அவளைச் சோதித்துவிட்டு, ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். அவளுக்குப் பேசினால் மூச்சு வாங்கியதால் என்னைப் பார்த்தே கேட்டார். விறகு அடுப்பா? கொசுவர்த்தி வைப்பீர்களா? சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா?

"வீட்டுல புறா, கிளின்னு ஏதாவது பறவை வளக்கறீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. உண்டு என்றால் புறாவைத் தூக்கு என்பார், தூக்கினால் அடை கலையும், ஆறு நாளில் வரப்போகிற குஞ்சு போய்விடும் என்று அத்தனையும் அந்த ஒரு நொடிக்குள் ஓடியிருக்கிறது. வீட்டில் என்றுதானே கேட்டார், மாடி வீடாகுமா என்றுகூட உள்ளே ஒருவன் எனக்கு வக்கீல் வேலை பார்த்தான். பக்கத்து நாற்காலியில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் மருந்து எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள்: "ஏனுங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? எதைச் சொன்னாலும் அதனாலதாம்பாங்க. எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே. நானும் அதே புறாவைத்தானே தொடறேன்?"

பஸ் வந்தது.

ஆறாம் நாள் முட்டை இரண்டும் பொரித்தன. மஞ்சள் பூமயிர்தான், எங்கும் கறுப்பு இல்லை. மேலே வா, வந்து பார் என்று அவளைக் கூப்பிட்டேன். படியில் மூன்று தடவை நின்று ஏறி வந்து பார்த்தாள். நல்லா இருக்குதுங்க என்றாள். அன்றைக்கும் கூண்டைச் சுரண்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆறு நாளுக்காகச் சொன்ன பொய். குஞ்சு வந்த பிறகு திரும்பப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குஞ்சு இறகு விடட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அது ஜோடி சேரட்டும் என்று. அப்புறம் நினைக்கவே இல்லை. ஆறு மாசம் போனது. ஒரு நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் அவள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம். பக்கத்தில் பாதி அரிந்த வெங்காயம். எழுந்து அடுப்பை அணைக்கக்கூட மூச்சு இல்லை. சாம்பார் தீய்ந்து கருகிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஸ்கேன் எடுத்து, மூன்றாம் நாள் அதே டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார். படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். பறவை ஏதாவது உண்டா என்று. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியமாகத் தெரியாது. அதற்குள் அவள் மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

"இருக்குதுங்க. மாடியில நாப்பது புறா இருக்குதுங்க. நாந்தானுங்க சுத்தம் பண்றேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போன தடவை கேட்டேனேம்மா."

"போன தடவை அவரைக் கேட்டீங்க" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுத்ததா, காப்பாற்றியதா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் சொன்னது இதுதான். புறாவின் இறகுத் தூளும் காய்ந்த எச்சத் தூளும் சில பேர் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆகிறவர்களுக்கு, தூளுக்குள் போய்வந்த சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் இருமலும் வரும். விலகி இருந்தால் குறையும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் அநேகமாகச் சரியாகிவிடும். விட்டுவிட்டால் உள்ளே தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் திரும்ப வராது. உங்கள் மனைவிக்குக் கீழ்ப்பக்கம் விழுந்திருக்கிறது. மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். இதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். "அந்த வெள்ளை ஜோடியை மட்டும் பட்டறையில வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் அவள் குழாய் மாட்டி உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ரொம்ப அமைதியாகப் பதில் சொன்னார். அறைந்திருந்தால் தேவலை.

மறுநாளே சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர், சந்தைப் பழக்கம், வேனில் வந்து நாற்பதையும் கூடைகளில் அள்ளிக்கொண்டு போனார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுரண்டியை நான் எடுத்தேன். அரை மணி நேரத்தில் முதுகு விட்டுப் போய்விட்டது. பலகையின் இடுக்கிலெல்லாம் தூள். வெயில் விழுந்த இடத்தில் அது பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. குளிக்கிற பேசின் ஓரத்தில் மாவு கோடு கோடாகக் காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டேன். ஒட்டியது.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், மிளகாய் அரைத்தது உட்பட. அவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"அதானுங்களா. அந்த மாசம் பூரா எனக்கு வயித்துல எரிச்சலுங்க. நான் பரோட்டாவைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிறகு அவர் கேட்டார்: "அம்மணி மறுபடி வேலைக்கு வருமுங்களா? பஞ்சு இல்லாத எடமாப் பாத்து, பேக்கிங்ல போட்டுக் குடுக்கறேனுங்க. கை சுத்தமான வேலைக்காரியுங்க அது."

வர முடியாது என்றேன். தெரு முனை வரை நடக்கவே அவளுக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. காப்பி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மிளகாய் பூசியவர்கள் திரும்பப் போய் எண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும் என்பது வழக்கம். வருகிறாயா என்று கேட்டேன். "அந்த நெடி எனக்கு ஆகாதுங்க. நீங்க போயி, பேரை மாத்திச் சொல்லிட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது உப்பு வாங்கிட்டு வாங்க என்கிற மாதிரி சொன்னாள். போனேன். எண்ணெய் ஊற்றினேன். என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகருங்க என்றார்கள். நகர்ந்துவிட்டேன். சொன்னீங்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பழகின புறாவைப் புது இடத்தில் வைத்தால், அங்கேயே முட்டை வைத்துக் குஞ்சு எடுக்கும் வரைக்கும் வெளியே விடக் கூடாது. சத்தியமங்கலத்துக்காரருக்குச் சொல்லித்தான் அனுப்பினேன். அவர் ஒரு மாசத்தில் திறந்துவிட்டார். லக்காவுக்குப் பறக்கத் தெரியாது, அது அங்கேயே இருந்துவிட்டது. அந்தச் சாம்பல் ஜோடி மட்டும் மத்தியானத்துக்குள் இங்கே வந்து கூண்டு இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பிடித்துத் திரும்ப அனுப்பினேன். அடுத்த வாரம் மறுபடி வந்தது. இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் வந்துவிட்டது. கடைசியில் அவர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால் நான் மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது, கூண்டும் கிடையாது. ஆனாலும் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. என்னைப் பார்த்ததும் தொண்டையை உருட்டிக்கொண்டு கிட்டே வருகின்றன. அடுத்தவர் முட்டையை எத்தனையோ தடவை அடை காத்த ஜோடி. ஒவ்வொரு தடவையும் அவற்றின் சொந்த முட்டையைத் தூக்கிப் போட்டது நான்.

கடைசியாக அவை திரும்பி வந்த அன்றைக்குக் கீழே ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்: "வந்திருக்குதுங்களா?"

இல்லை என்றுதான் வாயில் வந்தது. புறா பக்கமே பேசின பதினெட்டு வருஷப் பழக்கம், சும்மா போகுமா? விழுங்கிவிட்டேன்.

"வந்திருக்குது" என்று சொன்னேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு பேசுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"தொரத்துங்க" என்றாள்.

ஈரத் துணியை வீசித் துரத்தினேன். மில் கூரை மேல் போய் உட்கார்ந்தன. நான் படி இறங்கும் முன் சட்டையைக் கழற்றி மாடியிலேயே வாளித் தண்ணீரில் முக்கினேன். தினமும் அப்படித்தான் செய்கிறேன். முக்கிவிட்டு, தண்ணீர் மேல் வெள்ளையாக ஏதாவது நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.